வயது ஐம்பது, மூளைக்கு அறுபது!
மது அருந்துவோருக்கு முதுமை முந்தி வருவது ஏன்?

மனிதனுக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று, பள்ளிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் எழுதியிருக்கும் வயது. மற்றொன்று, உடம்பின் வயது.

முதல் வயது எல்லோருக்கும் வருடத்துக்கு ஒன்றுதான் கூடும். ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு அதில் கிடையாது. இரண்டாவது வயது அப்படி அல்ல. சிலருக்கு அது மெல்ல நடக்கிறது. சிலருக்கு ஓட்டமாக ஓடுகிறது.

அதை ஓட வைக்கும் பொருள்களில் ஒன்று, மது.

குடித்தால் ஈரல் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குடும்பம் கெடும் என்பதும் தெரியும். ஆனால், குடி ஆளைச் சீக்கிரம் கிழவனாக்கும் என்பதைப் பலர் அறியவில்லை. முகச் சுருக்கத்தையும் நரைத்த தலையையும் மட்டும் சொல்லவில்லை. மூளையும் எலும்பும் இதயமும் உரிய காலத்துக்கு முன்பே முதுமை அடைகின்றன. கடந்த சில ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கின்றன.

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இந்தக் கணக்கு அவசியமானது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து கட்டட வேலை செய்பவருக்கு உடம்புதான் மூலதனம். ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு ஞாபகசக்திதான் மூலதனம். மாதாமாதம் ஊருக்குப் போகும் பணம் இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. மது இந்த இரண்டின் மீதும் கை வைக்கிறது.

குவார்ட்டரில் எத்தனை கிராம்?

கர்நாடகத்தில் 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து சாராயம் தடை செய்யப்பட்டது. அதன் இடத்தை மலிவு விலை விஸ்கியும் பிராந்தியும் ரம்மும் பிடித்துக்கொண்டன. 90 மில்லி, 180 மில்லி பாக்கெட்டுகளில் அவை கிடைக்கின்றன. சாராயம் போய்விட்டது. ஆனால் சாராயத்துக்குள் இருந்த பொருள் போகவில்லை.

அந்தப் பொருளின் பெயர் எத்தில் ஆல்கஹால். எந்த மதுவிலும் போதை தருவது அதுதான். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. அதாவது, 30 மில்லியில் சுமார் 10 கிராம். "நைன்டி" என்கிற 90 மில்லியில் 30 கிராம். குவார்ட்டரில் 60 கிராம்.

"நான் பீர் மட்டும்தான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் உண்டு. நைன்டியை விட அதிகம்!

இதை எரித்து வெளியேற்றும் பொறுப்பு பெரும்பாலும் ஈரலுடையது. ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் எரிக்கும். ஒரு குவார்ட்டர் முழுவதும் எரிய ஆறு மணி நேரமாகலாம். எட்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மோர் குடித்தாலும், எலுமிச்சைச் சாறு குடித்தாலும், தலைக்குக் குளித்தாலும் இந்த வேகம் கூடாது. இரவு பத்து மணிக்குக் குடித்தவர் காலையில் சாரத்தின் மீது ஏறும்போதும் இரத்தத்தில் மிச்சம் இருக்கலாம்.

அதே அளவு, வேறு உடம்பு

"இருபது வருடமாக இதே அளவுதான் குடிக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு.

அளவு அதேதான். உடம்பு அதே அல்ல.

ஆல்கஹால் உடம்பில் உள்ள நீரில் கலந்து பரவுகிறது. வாலிபனின் உடம்பில் ஏறக்குறைய 60 சதவீதம் நீர். வயது ஏற ஏறத் தசை குறைகிறது, நீரும் குறைகிறது. முதுமையில் அது 50 சதவீதத்தை நெருங்குகிறது. ஒரு குடம் நீரில் கரைக்கும் உப்பை முக்கால் குடத்தில் கரைத்தால் கரிப்பு ஏறும் அல்லவா? அதுபோலத்தான். இருபத்தைந்து வயதில் குடித்த அதே அளவு, அறுபது வயதில் இரத்தத்தில் அதிகமாக ஏறுகிறது. அதிக நேரம் மூளையில் நிற்கிறது.

பெண்களின் உடம்பில் இயல்பாகவே நீரின் பங்கு குறைவு. எனவே அவர்களுக்குப் பாதிப்பு இன்னும் விரைவாக வருகிறது.

இன்னொன்றும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலர் தூக்க மாத்திரையும் போடுகிறார்கள். சர்க்கரை நோய் மருந்தோடு மது சேர்ந்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஈரலில் பிறக்கும் விஷம்

ஆல்கஹாலை ஈரல் நேரடியாகத் தண்ணீராக மாற்றிவிடுவதில்லை. முதலில் அதை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இது ஆல்கஹாலைவிடக் கொடியது. பிறகுதான் தீமை குறைந்த வேறு பொருளாக மாற்றுகிறது.

இடைப்பட்ட நேரத்தில் அசிட்டால்டிஹைடு சும்மா இருப்பதில்லை. உயிரணுவின் மையத்தில் பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. இழையைத் தாக்குகிறது. அந்தச் சேதத்தைச் சீர்செய்யும் ஏற்பாடு உடம்பில் இருக்கிறது. ஆனால் தினமும் சேதம், தினமும் பழுது பார்த்தல் என்றால் ஒரு நாள் பழுது பார்ப்பவனும் களைத்துப்போவான். வயது ஏறும்போது பழுது பார்க்கும் வேகமும் குறைகிறது.

வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழல், ஈரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய ஏழு இடங்களில் புற்றுநோய் வர மது ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988லேயே அறிவித்துவிட்டது.

உயிரணுவின் முதுமையை அளக்க விஞ்ஞானிகள் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். டி.என்.ஏ. இழையின் நுனியில் டெலோமியர் என்ற காப்பு இருக்கிறது. செருப்புக் கயிற்றின் நுனி பிரியாமலிருக்கப் பிளாஸ்டிக் சுற்றியிருப்பார்களே, அதைப் போன்றது. வயது ஏற ஏற இது தேய்ந்து குட்டையாகிறது. பிரிட்டனில் சுமார் 2 லட்சத்து 45 ஆயிரம் பேரை ஆராய்ந்து 2022ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அதிகம் குடிப்பவர்களின் டெலோமியர், மிகக் குறைவாகக் குடிப்பவர்களுடையதைவிடக் குட்டையாக இருந்தது. ஒன்றிரண்டு வயது கூடுதலாக ஆனதற்குச் சமமான தேய்மானம் அது.

லண்டன் குமாஸ்தாக்களின் கதை

மூளைக்கு வருவோம்.

லண்டனில் அரசாங்க அலுவலகங்கள் நிறைந்த தெருவுக்கு ஒயிட்ஹால் என்று பெயர். அங்குள்ள அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். குமாஸ்தா முதல் பெரிய அதிகாரி வரை எல்லா நிலையினரும் அதில் உண்டு. என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு குடிக்கிறார்கள், உடல்நிலை எப்படி என்பதெல்லாம் பதிவாகி வந்தது.

அவர்களில் 550 பேரைத் தேர்ந்தெடுத்து, முப்பது ஆண்டுக் குடிப்பழக்கக் கணக்கையும் மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தையும் ஒப்பிட்டார்கள். இவர்கள் யாரும் மொடாக்குடியர்கள் அல்ல. ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தவர்கள். முடிவு 2017ல் வெளியாயிற்று.

மூளையின் உட்புறத்தில் ஹிப்போகேம்பஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. புதிய செய்திகளை நினைவில் பதிப்பது அதுதான். வாரத்துக்கு 14 முதல் 21 அளவு வரை குடித்தவர்களுக்கு இந்தப் பகுதி சுருங்கியிருக்கும் வாய்ப்பு, குடிக்காதவர்களைப்போல மூன்று மடங்கு! மிகக் குறைவாகக் குடித்தவர்களுக்கும் தனி நன்மை எதுவும் இல்லை. ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும் சோதனையிலும் அதிகம் குடித்தவர்கள் வருடத்துக்கு வருடம் வேகமாகப் பின்தங்கினார்கள்.

"14 அளவு" என்றால் ஏதோ பெரிய கணக்கு என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் ஓர் அளவு என்பது 8 கிராம் ஆல்கஹால். வாரத்துக்கு 14 அளவைத் தாண்ட வேண்டாம் என்பது அந்நாட்டு அரசு மருத்துவர்கள் 2016ல் கூறிய ஆலோசனை. நம் கணக்கில் அது இரண்டு குவார்ட்டர் கூட இல்லை. வாரம் முழுவதற்கும்!

ஐம்பதில் அறுபது

2022ல் இன்னும் பெரிய ஆராய்ச்சி ஒன்று வெளியானது. பிரிட்டனைச் சேர்ந்த நடுத்தர வயதினரும் முதியவர்களுமாக 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை அதில் ஆராய்ந்தார்கள்.

நாற்பது வயதுக்குப் பிறகு எல்லோருடைய மூளையும் சிறிது சிறிதாகச் சுருங்கத்தான் செய்யும். அது இயற்கை. குடிப்பவர்களுக்கு அந்தச் சுருக்கம் எவ்வளவு அதிகம் என்பதை, வயதுக் கணக்கில் மாற்றிப் பார்த்தார்கள்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தினமும் ஓர் அளவிலிருந்து இரண்டு அளவுக்குப் போனால், மூளைக்கு இரண்டு வயது கூடியதற்குச் சமம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால், மேலும் மூன்றரை வயது. குடிக்காதவருக்கும் தினம் நான்கு அளவு குடிப்பவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் பத்து வயதுக்கும் மேல்!

நான்கு அளவு என்பது 32 கிராம். கிட்டத்தட்ட ஒரு நைன்டி.

வேலை முடிந்து "அலுப்புத் தீர" ஒரு நைன்டி போடுபவர் தம்மைக் குடிகாரர் என்று நினைப்பதே இல்லை. ஆனால் வருடக்கணக்கில் தினமும் அது நடந்தால், ஐம்பது வயதில் அவர் தலைக்குள் இருப்பது அறுபது வயது மூளையாக இருக்கக்கூடும்.

இது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த சராசரிக் கணக்கு. இன்னாருக்கு இத்தனை வயது கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் அளவு கூடக் கூடச் சேதமும் வேகமாகக் கூடுகிறது என்பதை அந்தப் படங்கள் தெளிவாகக் காட்டின.

நடக்காததைச் சொல்லும் நோய்

சிலர் குடிக்கும்போது சோற்றைத் தொடுவதில்லை. ஊறுகாயும் வறுகடலையும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நாளடைவில் உடம்பில் தயாமின் என்கிற வைட்டமின் பி1 வற்றிப்போகிறது. சாப்பிட்டாலும், குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதை மது தடுக்கிறது. இந்த வைட்டமின் இல்லாமல் மூளை இயங்காது.

முதலில் குழப்பம் வரும். கண்மணி ஆடும், அல்லது பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். நடை தள்ளாடும். ஜெர்மானிய டாக்டர் கார்ல் வெர்னிக்கே 1881ல் இதை விவரித்தார். குடிக்காத நேரத்திலும் இந்த அடையாளங்கள் தெரிந்தால், "இறங்கினால் சரியாகிவிடும்" என்று படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உரிய நேரத்தில் தயாமின் ஊசி போட்டால் காப்பாற்றலாம்.

தவறவிட்டால் அடுத்த கட்டம் நிரந்தர மறதி. காலையில் யார் வந்தார்கள் என்பது மாலையில் நினைவிருக்காது. நினைவு விட்டுப்போன இடத்தை நடக்காத சம்பவங்களால் நிரப்பிக் கூசாமல் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நோக்கம் அல்ல. அதுதான் உண்மை என்று அவர்களே நம்புவார்கள். ரஷ்ய டாக்டர் செர்கே கோர்சகோவ் இதை ஆராய்ந்து எழுதியதால் அவர் பெயராலேயே இந்த நோய் அழைக்கப்படுகிறது.

65 வயதுக்கு முன்பே மறதி நோய் வருவதில் மதுவின் பங்கு மிகப் பெரியது. பிரான்ஸ் நாட்டு ஆஸ்பத்திரிக் குறிப்புகளை ஆராய்ந்து 2018ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இப்படி முன்கூட்டியே மறதி நோய் வந்த 57 ஆயிரம் பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அளவு மீறிய குடியுடன் தொடர்பு இருந்தது.

எலும்பும் இதயமும் தூக்கமும்

மூளை மட்டுமல்ல. நெடுநாள் அதிகமாகக் குடித்தால் எலும்பின் அடர்த்தி குறைகிறது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் நின்று, இடுப்பு மூட்டு சிதைந்து போவதும் உண்டு. நாற்பது வயதிலேயே நொண்டி நடக்கும் சிலருக்கு இதுவே காரணம். மூட்டை தூக்குபவருக்கும் ஏணி ஏறுபவருக்கும் அதோடு தொழில் போயிற்று.

இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத் துடிப்பின் தாளம் தப்புகிறது. அதனால் பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது. காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் வருகின்றன.

"குடித்தால்தான் தூக்கம் வருகிறது" என்பார்கள். தூக்கம் சீக்கிரம் வருவது உண்மை. ஆனால் போதை இறங்கும் பின்னிரவில் தூக்கம் கலைகிறது. மூளை களைப்பாறும் ஆழ்ந்த உறக்கம் கிடைப்பதில்லை. காலையில் எழும்போதே அலுப்பு. அந்த அலுப்புக்கு மாலையில் மறுபடியும் மருந்து!

"அளவோடு குடித்தால் நல்லது" உண்மையா?

சிறிது மது இதயத்துக்கு நல்லது என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. குடிக்காதவர்களைவிடக் கொஞ்சம் குடிப்பவர்கள் அதிக நாள் வாழ்வதாகச் சில கணக்குகள் காட்டின.

அந்தக் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது. "குடிக்காதவர்" என்ற பட்டியலில், நோய் வந்ததால் குடியை விட்டவர்களையும் சேர்த்துவிட்டார்கள். நோயாளிகள் சேர்ந்ததால் அந்தப் பட்டியல் பலவீனமாகத் தெரிந்தது. 107 ஆராய்ச்சிகளைத் திரட்டி, இந்தக் கோளாறைச் சரிசெய்து 2023ல் மறுபடியும் கணக்குப் போட்டபோது அந்த நன்மை மறைந்துவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும், உடல்நலத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என்று கூறியது.

"தினமும் இல்லை, சனிக்கிழமை மட்டும்" என்பதும் தப்பும் வழி அல்ல. வாரச் சம்பளம் வாங்கிய இரவில் ஒரேயடியாக ஒன்றரைக் குவார்ட்டர் குடிப்பது இதயத்துக்கும் மூளைக்கும் பெரிய அடி. கீழே விழுவதும் விபத்தும் அன்றுதான் அதிகம்.

போன வயது திரும்புமா?

இதுவரை சொன்னது கசப்பு. இனி நல்ல செய்தி.

ஓரளவு திரும்பும்!

ஈரலில் படிந்த கொழுப்பு, குடியை முழுவதும் விட்ட சில வாரங்களில் கரையத் தொடங்குகிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது. தூக்கம் சீராகச் சிறிது காலம் பிடிக்கும், ஆனால் சீராகும். ஈரல் முற்றிலும் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிட்டால் பழைய நிலை வராது. அப்போதும்கூட, விட்டவர் விடாதவரைவிட நீண்ட நாள் வாழ்கிறார்.

சுருங்கிய மூளையும் ஓரளவு தேறுகிறது. குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களை அமெரிக்காவில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஏழு மாதங்களுக்குச் சற்று அதிகமாகக் குடியைத் தொடாமலிருந்தவர்களுக்கு மூளையின் மேற்பட்டை பல இடங்களில் மறுபடியும் தடித்திருந்தது. முதல் மாதத்திலேயே முன்னேற்றம் வேகமாக இருந்தது. இது 2023ல் வெளியான முடிவு.

"இனிமேல் விட்டு என்ன பயன்?" என்று ஐம்பது வயதில் கேட்பவருக்கு இதுதான் பதில்.

ஓர் எச்சரிக்கை

தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மனம் பேதலித்து, இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலும் நடுக்கமும் கண்டு உயிருக்கே ஆபத்து வரலாம். சபதம் எடுத்துக்கொண்டு அறைக்குள் தனியாகப் படுப்பதைவிட, ஆஸ்பத்திரியில் சில நாள் தங்கி மருந்தின் துணையோடு நிறுத்துவதே பத்திரம்.

பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் குடிநோய் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் போதை மீட்பு உதவித் தொலைபேசி எண் 14446. மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

வெட்கப்பட வேண்டியதில்லை. மத்திய அரசுக்காக டில்லி எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்குச் சிகிச்சையோ உதவியோ தேவைப்படுகிறது. மூன்றில் ஒருவருக்கு மேல்! சர்க்கரை நோய்க்கு டாக்டரைப் பார்க்க வெட்கப்படாதவர் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

குடும்பத்தார் கவனிக்க வேண்டியதும் உண்டு. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, தெரிந்த கணக்கில் தடுமாறுவது, அடிக்கடி தடுக்கி விழுவது, கொடுத்த பணத்தைக் கொடுக்கவில்லை என்று அடித்துச் சொல்வது, இவையெல்லாம் "வயசாகிவிட்டது" என்று தள்ளிவிட வேண்டியவை அல்ல. ஐம்பது வயது, வயதான வயது அல்ல.

ஊரை விட்டு வந்து பாடுபடுகிறவர்கள் எல்லோருக்கும் ஓர் ஆசை இருக்கிறது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, கடைசிக் காலத்தில் ஊரில் ஒரு வீட்டைக் கட்டி, திண்ணையில் நிம்மதியாக உட்கார வேண்டும். வீடு கட்டப் பணம் சேர்த்தால் போதாது. அந்தத் திண்ணையில் உட்காரும்போது எதிரே வருகிற பேரன் யாரென்று தெரிய வேண்டும்.

அந்த நினைவையும் இப்போதே சேர்த்து வைக்க வேண்டும்.